ரேம் விலை இப்படி ஏறிக் கிடக்கும்போது வீட்டுக்கு பிசி அசெம்பிள் செய்யலாமா, காத்திருக்கலாமா?

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தெரிந்த அண்ணன் ஒருவர் செப்டம்பரில் கொடுத்த கொட்டேஷன் இப்போது 25,000 ரூபாய் ஏறிவிட்டது என்கிறார், நம்பலாமா?" வாங்கலாமா காத்திருக்கலாமா என்பதற்கு ஆளுக்கொரு பதில் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்த ஒரு வரிக்காக. நம்புங்கள். அந்த அண்ணன் பாவம்.

நான் கம்ப்யூட்டர் கடைக்காரன் இல்லை. ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கல்லூரியில் படித்த காலத்திலிருந்து சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் சென்னை ரிச்சி தெருவில் பொருள் வாங்கி அசெம்பிள் செய்து கொடுத்து வருகிறேன். கமிஷன் கிடையாது. மத்தியானம் சாப்பாடு போட்டால் சாப்பிடுவேன், அவ்வளவுதான். கமிஷன் வைப்பவர்கள் எல்லாம் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கடை வைத்திருப்பவருக்கு அது பிழைப்பு, வாடகை கட்ட வேண்டும். நான் வாங்குவதில்லை என்று மட்டும்தான் சொல்கிறேன்.

விழுப்புரத்தில் இருக்கும் சித்தப்பாவின் பெண் பி.ஆர்க் படிக்கிறாள். ரெவிட், ஸ்கெட்ச்அப் மாதிரி கட்டடம் வரையும் சாஃப்ட்வேர் எல்லாம் ஓட வேண்டும், பழைய லேப்டாப் திணறுகிறது. போன வருஷம், அதாவது 2025 செப்டம்பர் தொடக்கத்தில், ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 (இப்போதைய தலைமுறை) ரேம் என்று ஒரு கொட்டேஷன் வாங்கி அனுப்பினேன். மானிட்டர் இல்லாமல் 86,000 சொச்சம். அதில் ரேம் 9,800.

சித்தப்பா போனில், "ஜிஎஸ்டி குறையப் போகுதுன்னு டிவில சொல்றான்பா. கொஞ்சம் பொறுத்து வாங்குவோம்" என்றார். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு முன்பே 18 சதவீதம்தான், அதில் மாற்றம் இல்லை, குறையப் போவது 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவி, ஏசி மாதிரி 28 சதவீதத்தில் இருந்தவைதான் என்று சொல்லிப் பார்த்தேன். செப்டம்பர் 22 வந்தது, போனது. பிறகு "புரட்டாசி முடியட்டும்" என்றார். பிறகு "தீபாவளிக்கு எல்லாக் கடையிலயும் ஆஃபர் போடுவான்ல" என்றார். பணம் அவருடையது, நான் என்ன சொல்ல முடியும்?

நவம்பர் கடைசியில்தான் "சரி, வாங்கிடுப்பா" என்று பணம் அனுப்பினார். சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனேன். வழக்கமாகப் போகும் கடைதான். பையன் பழைய லிஸ்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு புதிதாக ஒரு கொட்டேஷன் அடித்துக் கொடுத்தான். பிராசசர், போர்டு, பவர் சப்ளை எல்லாவற்றுக்கும் நேராக விலை இருக்கிறது. ரேம் என்ற வரியில் மட்டும் விலைக் கட்டம் காலி. "பிரின்ட் சரியா விழலையா தம்பி?" என்று கேட்டேன். "இல்லண்ணா, ரேம் மட்டும் பில் போடறப்பதான்" என்று சொல்லிவிட்டு யாருக்கோ போன் போட்டான். "முப்பத்திரண்டு கிட்டு, ஆறாயிரம், என்ன ரேட்டு?" என்று கேட்டு (கிட்டு என்றால் இரண்டு ஸ்டிக் சேர்ந்த செட், ஆறாயிரம் என்பது அதன் வேகம்), காலியாக இருந்த கட்டத்தில் பேனாவால் 28,000 என்று எழுதி, "சாயங்காலம் வரைக்கும்தான் இந்த ரேட்டுண்ணா" என்றான். பவுன் விலையைக்கூட வாசலில் போர்டு எழுதி மாட்டுகிறார்கள்.

அந்த ஒரு பொருளை மட்டும் ஷோகேஸில் வைக்காமல் கல்லாவுக்குக் கீழே பூட்டிய டிராயரில் வைத்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ரிச்சி தெருவில் ரேமைப் பூட்டி வைத்து நான் பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "9,800-ன்னு நீதானப்பா எழுதி அனுப்பின?" "அது செப்டம்பர் ரேட்டு சித்தப்பா." "மூணு மாசத்துல மூணு மடங்கு ஏறுற பொருள் எதுப்பா இருக்கு?" அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அன்று ராத்திரி சித்தி எங்கம்மாவிடம் கேட்டிருக்கிறார்: "ஏங்க்கா, கடைக்காரன் இவனுக்கு ஏதாச்சும் பார்த்துக் குடுப்பானா?" நேராகக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இத்தனைக்கும் சித்தப்பா கேட்டது நியாயமான கேள்வி. மூன்று மாதத்தில் மூன்று மடங்கு எப்படி ஏறும்? அதற்கு நான் அவரிடம் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ரேமுக்குள் இருக்கும் மெமரி சிப்புக்கு டிராம் என்று பெயர். உலகத்தில் ஓடும் டிராம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது மூன்றே கம்பெனிகள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ரேம் ஸ்டிக்கின் மேல் யார் பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் கறுப்புச் சில்லு அநேகமாக இவர்களுடையதுதான். இந்த மூவருக்கும் இப்போது பெரிய வாடிக்கையாளர் ஏஐ டேட்டா சென்டர்கள். அங்கே போகும் ஏஐ சிப்களோடு எச்பிஎம் என்று அடுக்கடுக்காகச் செய்த ஒரு மெமரி சேர்ந்து வரும். அதே அளவு ஜிபிக்கு, நம்முடைய டிடிஆர்5-ஐவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சிலிக்கானை அது விழுங்கும். லாபமும் அதில்தான் அதிகம். ஆலையில் இடம் ஒன்றுதானே? அங்கே கூட்டினால் இங்கே குறையும்.

2025 அக்டோபரில் சாட்ஜிபிடி கம்பெனியான ஓபன்ஏஐ, ஸ்டார்கேட் என்ற தன்னுடைய டேட்டா சென்டர் திட்டத்துக்காக சாம்சங்கோடும் ஹைனிக்ஸோடும் கைகோத்தது. மாதம் 9 லட்சம் வேஃபர் (சிப்களை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தகடு) வரை என்பது அங்கே பேசப்பட்ட இலக்கு. செய்தி வந்ததும் ஸ்டாக் வைத்திருந்தவர்கள் பிடித்து வைத்தார்கள், இல்லாதவர்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். போதாக்குறைக்கு அதே அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. பழைய பிசியில் விண்டோஸ் 11 ஏறாதவர்களும் புதிது வாங்கக் கிளம்பினார்கள். டிசம்பரில் மைக்ரான், 29 வருஷமாக நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டு ரேம் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. என் பிசியில் இன்றும் ஓடுவது க்ரூஷியல்தான்.

"ரூபாய் சரிந்ததால்தான்" என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது உண்மைதான். அதனால் ஏறுவது சில சதவீதம், மூன்று மடங்கு ஏறாது. "குஜராத்திலேயே மைக்ரான் ஆலை வந்துவிட்டதே, இனி குறையும்" என்று இன்னொருவர். சனந்தில் இருப்பது வேஃபரை வெளியிலிருந்து கொண்டுவந்து வெட்டி, பேக் செய்து, சோதிக்கும் ஆலை. சிப் உருவாவது அங்கே இல்லை. நான் நம் நாட்டு ஆலையைக் குறை சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். நல்ல விஷயம்தான், இந்தப் பிரச்சினைக்கு அது மருந்தில்லை என்கிறேன்.

"எல்லாம் கூட்டுச் சதி" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இவர்கள் யோக்கியர்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். விலையைப் பேசி வைத்து விற்றதற்காக அமெரிக்காவில் சாம்சங் 2005-ல் 30 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஹைனிக்ஸும் 18.5 கோடி டாலர் கட்டியது. ஆனால் இந்தத் தடவை சரக்கு எங்கே போகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

விலை இறங்குமா? முன்பெல்லாம் இறங்கியிருக்கிறது. 2017, 2018-ல் இதேபோல ஏறி 2019-ல் சரிந்தது. 2023-ல் அளவுக்கு மீறி உற்பத்தி செய்துவிட்டு இந்தக் கம்பெனிகளே பெரும் நஷ்டத்தில் கிடந்தன. நாம் 32 ஜிபியைச் சல்லிசாக வாங்கியது அந்த நஷ்டத்தின் தயவில்தான். புதிய ஆலை கட்டி அதிலிருந்து சிப் வெளியே வர வருஷக்கணக்கில் ஆகும். மைக்ரான் அமெரிக்காவின் ஐடஹோவில் கட்டும் ஆலையிலிருந்தே 2027-ல்தான் வரும் என்கிறார்கள். அதனால் "ரெண்டு மாசம் பொறு" என்பவர்களை நான் நம்பவில்லை. அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே 32 ஜிபி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்.

சித்தப்பா கதைக்கு வருகிறேன். ஊரில் இப்படிப் பேச்சு போய்க்கொண்டிருக்கும்போதே, அவர் பெண் எனக்குச் சொல்லாமல் ஆன்லைனில் தேடி, பழைய விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிட் கண்டுபிடித்து ஆர்டர் போட்டுவிட்டாள். சித்தப்பா அந்த ஸ்க்ரீன்ஷாட்டை எனக்கு அனுப்பினார். கூட ஒரு வார்த்தை இல்லை, வெறும் ஸ்க்ரீன்ஷாட். சில நாளில் "ஸ்டாக் இல்லை" என்று ஆர்டர் கேன்சல் ஆனது. அதே பக்கத்தில் அதே ரேம் மறுநாள் 30,000-க்கு மேல் நின்றது. அந்த ஸ்க்ரீன்ஷாட்டை நான் திருப்பி அனுப்பவில்லை. ஆசை இல்லாமல் இல்லை.

கடைசியில் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக் போட்டு முடித்தோம். பில்லை சித்தப்பா பெயரிலேயே போடச் சொன்னேன், பணத்தை அவரே நேராகக் கடைக்கு அனுப்பினார். பொருளை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போய் அசெம்பிள் செய்தேன். முதல் தடவை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. இந்த ரைசனுக்கான ஏஎம்5 வகை போர்டு அப்படித்தான், ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும். சித்தப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? "இவ்ளோ காசு குடுத்தும் டெட் பீஸா?" என்று எழுந்துவிட்டார். கை வைக்காதீர்கள் என்று தடுத்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. திரை வந்தது. அப்போதும் சித்தப்பா பார்த்தது திரையை இல்லை, பில்லை.

அவர் வீட்டில் இன்னொரு கூத்து. வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. டெஸ்டர் வைத்தால் மினுக்குகிறது. த்ரீ பின் சாக்கெட்டில் மேல் ஓட்டை வெறும் அலங்காரம், பின்னால் எர்த் ஒயரே இல்லை. வாடகை வீடு. ஓனரிடம் சொன்னால், "ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் ஓடுதே, உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன?" என்கிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனால் லட்ச ரூபாய்க்கு பிசி வாங்கி எர்த் இல்லாத சாக்கெட்டில் செருகுகிற ஊர் இது. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் பாருங்கள். ரேம் விலைக்குக் கத்தும் யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

உங்கள் நிலைமையை நான் யூகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, நீங்கள் பட்ஜெட் எழுதவில்லை. படிப்புக்கோ பிழைப்புக்கோ என்றால் இப்போதே வாங்குங்கள், 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கோடு. இரட்டை ஸ்டிக் போட்டால் வேகம் கூடும் என்று திட்ட வருவார்கள். கூடும்தான், குறிப்பாகத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் அந்த வேகத்துக்கு இன்றைய விலை கட்டுபடியாகாது. விலை இறங்கிய பிறகு அதே மாடலில் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். பில்லையும் ஸ்டிக்கின் மேல் உள்ள பார்ட் நம்பரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கெனவே டிடிஆர்4 (முந்தைய தலைமுறை) ஸ்டிக் இருக்கிறது என்றால் அதை ஏற்கும் பழைய ஏஎம்4 போர்டு பக்கமே இருங்கள். டிடிஆர்4-ஐ டிடிஆர்5 போர்டில் போட முடியாது, ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டே வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்4-ஐப் புதிதாக வாங்கினால் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். அதன் உற்பத்தியையும் குறைத்துக்கொண்டு வருகிறார்கள், விலையும் ஏறிவிட்டது. செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே சிபியு-இசட் (ரேமின் விவரம் காட்டும் சாஃப்ட்வேர்) ஓட்டிப் பாருங்கள், வீட்டில் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் சாஃப்ட்வேர்) போடுங்கள். ஆன்லைன் பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் இதே வண்டியில் ஏறிக்கொண்டிருக்கிறது, அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

விளையாடத்தான் என்றால் பழைய பிசியிலேயே ஓட்டுங்கள். "பேசாமல் லேப்டாப் வாங்கு" என்று கமென்ட் போட வருபவர்களுக்கு: லேப்டாப்பிலும் இதே சிப்தான், அங்கேயும் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பல மாடல்களில் ரேமைப் பற்றவைத்தே அனுப்புகிறார்கள், பின்னால் கூட்டவும் முடியாது.

எந்த போர்டுக்கு எந்த ரேம் சேரும் என்ற சந்தேகம் இருந்தால் மாடல் பெயரைக் கீழே போடுங்கள், ராத்திரி வேலை முடிந்து பார்த்துச் சொல்கிறேன். என்ன விலை வரும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.