குட்டி போட்ட ஆட்டுக்கு மட்டும் ஏன் புழு ஏறுகிறது?

ஆண், பெண் ஹார்மோன்களுக்கும் ஒட்டுண்ணித் தொற்றுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அதை எனக்குப் புரியவைத்தது எங்கள் வீட்டு ஆடு.

எங்களுக்கு மன்னார்குடி பக்கம். ஏழெட்டு வெள்ளாடு வளர்க்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஐப்பசி அடைமழையில் ஒரு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. மூன்றாவது வாரம் அதன் தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்கியது. அமுக்கினால் விரல் பதிந்தது. கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன், சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. நடவு முடிந்து வயலெல்லாம் பயிர், அதனால் எல்லா ஆடும் ஒரே வாய்க்கால் கரையில்தான் மேய்ந்தன. சினையில்லாத ஆடுகளுக்கு ஒன்றும் இல்லை.

மருத்துவர் புழுக்கையைச் சோதித்தார். ஏகப்பட்ட முட்டை. இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு. ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி போகிறது. பெண் புழு ஒன்றே நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும்.

குட்டி ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, பால் கொடுக்கும் ஆறெட்டு வாரம் வரை தாயின் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. சினையைக் காக்கும் புரொஜெஸ்டிரோன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன்கள் எல்லாம் ஏறி இறங்கும் காலம் அது. பாதி கிடாவின் உடம்பான குட்டியைத் தாய் உடம்பு பகையாக நினைக்காமல் சுமக்க வேண்டுமே! அந்தத் தளர்வில் புழு பிழைத்துக்கொள்கிறது. உடம்பின் புரதம் பாலுக்குப் போய்விடுவதும் ஒரு காரணம். குட்டி புல் கடிக்கத் தொடங்கும் நேரத்தில் கரையெல்லாம் புழுக்குஞ்சு. எங்கள் இரட்டையில் ஒன்று பிழைக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

முயல் தெள்ளுப்பூச்சி இதைவிட ஆச்சரியம். சினை முயலின் இரத்தத்தில் ஹார்மோன் ஏறினால்தான் அதற்கு முட்டையே முற்றும். மிரியம் ராத்ஸ்சைல்டு என்ற பெண் விஞ்ஞானி 1960களில் கண்டறிந்தது.

பெண்களுக்கு மட்டும்தான் இந்தச் சங்கடம் என்று நினைக்க வேண்டாம். அமீபாவால் வரும் ஈரல் கட்டி பெரும்பாலும் வயது வந்த ஆண்களுக்குத்தான் வருகிறது. ஆண் எலிகளுக்கு விதை நீக்கி ஆண் ஹார்மோனைக் குறைத்தால் அந்தக் கட்டி சிறிதாகிறது. எலியில் வளரும் ஒருவகை நாடாப்புழுவிலோ நேர் தலைகீழ், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருந்தால் பெருகுகிறது. ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி கதை மாறும்.

சரி, ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சினையின் கடைசி மாதம் கடலைப் பிண்ணாக்கும் அகத்தியும் கூட்டிக் கொடுங்கள். ஈனும் சமயத்தில் என்ன மருந்து, எப்போது ஊற்றலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். சினை பிடித்த முதல் மாதம் மட்டும் அல்பெண்டசோல் என்ற புழு மருந்தை ஊற்றிவிடாதீர்கள், கரு ஊனமாகிவிடும்.