இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையான வலியை எப்படி அறிவது?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 26. தலைப்பிரசவம். 38-ஆவது வாரம் நடக்கிறது. கடந்த பத்து நாட்களில் இரண்டு முறை வலி எடுத்துவிட்டது என்று நினைத்து நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடினேன். இரண்டு முறையும் சோதித்துப் பார்த்துவிட்டு, “இது சூட்டு வலிதான், வீட்டுக்குப் போ” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை அங்கிருந்த ஒருவர், “வலி என்றால் என்னவென்றே தெரியாமல் கிளம்பி வந்துவிடுகிறார்கள்” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அழுதுகொண்டே திரும்பினேன். இடுப்பில்தான் வலி தொடங்கும் என்கிறார் அம்மா. பனிக்குடம் உடைந்த பிறகுதான் வலி வரும் என்கிறார் அண்ணி. இனி உண்மையாகவே வலி வந்தாலும் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வலி எப்படித் தொடங்கும்? எப்படி வளரும்? எவ்வளவு நேரம் நீடிக்கும்? குழந்தை பிறந்ததும் நின்றுவிடுமா?
— ஒரு வாசகி

பதில்: அன்பு மகளுக்கு,

முதலில் அந்தக் கூச்சத்தை விட்டொழியுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசவ அறையில் செவிலியாக நின்றவள் நான். வலி கண்டுவிட்டதா இல்லையா என்பதை, வந்த பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எங்களாலும் சொல்லிவிட முடியாது. கருப்பை வாயைச் சோதித்து, சில மணி நேரம் காத்திருந்து, அது மாறியிருக்கிறதா என்று மறுபடி பார்த்த பிறகுதான் பல நேரங்களில் முடிவுக்கு வருவோம். பழகிய கைகளுக்கே இரண்டு சோதனை தேவைப்படுகிறது. முதன்முறை வயிற்றில் சுமக்கும் பெண் வீட்டிலிருந்தே கணித்துக்கொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படிப்பட்ட ஒரு சொல்லுக்கு அஞ்சி, பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்து, குழந்தையின் தலை தெரியும் நிலையில் வந்து சேர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து முறை வந்து திரும்பினாலும் பரவாயில்லை. பதினோராவது முறை வராமல் இருந்துவிடாதீர்கள்.

பொய் வலி, சூட்டு வலி என்கிறோமே, அதில் பொய் எதுவும் இல்லை. கருப்பை ஒரு தசைப் பை. கர்ப்ப காலத்தில் அது அவ்வப்போது இறுகித் தளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 1872-இல் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்து எழுதினார். மருத்துவ நூல்களில் இன்றும் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. நிறைமாதம் நெருங்க நெருங்க இந்த இறுக்கம் அடிக்கடி வரும். சில இரவுகளில் வலிக்கவும் செய்யும். ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு இராது. பத்து நிமிடத்தில் ஒன்று வரும், அடுத்தது நான்கு நிமிடத்தில் வரும், பிறகு அரை மணி நேரம் ஒன்றுமே இராது. தண்ணீர் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தாலோ, சற்று நடந்தாலோ, வெதுவெதுப்பான நீரில் குளித்தாலோ பெரும்பாலும் அடங்கிப்போகும். பிரசவ வலி இதற்கெல்லாம் அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு வலியும் முந்தையதைவிடச் சற்று நீளும், சற்று வலுக்கும்.

கையாலும் பார்க்கலாம். பிரசவ அறையில் நாங்கள் செய்வதையே சொல்கிறேன். வயிற்றின் மேற்பகுதியில், விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையைப் படிய வைத்துக்கொள்ளுங்கள். அழுத்த வேண்டாம், சும்மா வைத்திருங்கள். இறுக்கம் வரும்போது மெத்தென்று இருந்த இடம் மெல்ல மேலெழும்பிக் கெட்டியாகும். படுக்கையில் இருக்கும் பெண் “வருகிறது” என்று சொல்வதற்குச் சில நொடிகள் முன்பே என் கைக்குத் தெரிந்துவிடும். கெட்டியான நேரத்தில் விரல் நுனியால் லேசாக அமுக்கிப் பாருங்கள். மூக்கு நுனியைப் போல அமுங்கினால் மெல்லிய சுருக்கம். மோவாயைப் போல இருந்தால் நடுத்தரம். நெற்றியைப் போல அமுங்க மறுத்தால் அது வலுவான சுருக்கம். உங்கள் கணவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கைகளைப் பிசைந்துகொண்டிருப்பதைவிட உருப்படியான வேலை.

இந்தச் சுருக்கத்தை யார் தொடங்கி வைக்கிறார்கள்? தாயின் உடல் மட்டும் அல்ல. குழந்தையிடமிருந்தும் செய்தி போகிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் கருப்பையின் தசைச் செல்களுக்கு இடையே புதிய இணைப்புகள் உருவாகின்றன. அதுவரை ஆங்காங்கே தனித்தனியாக இறுகிக்கொண்டிருந்த தசை, அதன் பிறகு ஒரே அலையாகச் சேர்ந்து இறுகக் கற்றுக்கொள்கிறது. புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் கருப்பை வாயைப் பதப்படுத்துகின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன் வருகிறது. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த அழுத்த ஆக்ஸிடோசின் கூடுகிறது. அது கூடக்கூடச் சுருக்கம் வலுக்கிறது. சுருக்கம் வலுத்தால் தலை இன்னும் அழுத்துகிறது. வலி ஏறிக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம். உங்கள் உடலில் ஏதோ கோளாறாகிவிட்டது என்று அப்போது நினைத்துவிடாதீர்கள்.

அலை பெரும்பாலும் கருப்பையின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பரவும். உச்சியில் உள்ள தசைநார்கள் சுருங்கிய பிறகு, பழைய நீளத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை. கிணற்றில் நீர் இறைப்பவர், இழுத்த கயிற்றை ஒரு கையால் நழுவவிடாமல் பிடித்துக்கொண்டே அடுத்த பிடிக்கு மறு கையை நீட்டுவாரே, அப்படி. ஒவ்வொரு வலியிலும் கிடைத்தது கையில் நிற்கிறது. அந்த இழுப்பில் கருப்பை வாய் மேல்நோக்கி இழுக்கப்பட்டு, முதலில் மெலிகிறது, பிறகு திறக்கிறது. மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள கெட்டியான குழாயாக இருந்தது, உதடு போல மென்மையாகி, காகிதம் போல மெலிந்து, கடைசியில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிகிறது. நீங்கள் இரண்டு இரவு அனுபவித்த இறுக்கங்கள்கூட இந்தப் பதப்படுத்தும் வேலையில் பங்கெடுத்திருக்கலாம்.

அம்மா சொல்வதும் அண்ணி சொல்வதும் அவரவர் உடல் அவரவருக்குக் காட்டியது. சிலருக்கு முதுகின் அடியில் தொடங்கி இடுப்பைச் சுற்றி முன்வயிற்றுக்கு வரும். சிலருக்கு மாதவிலக்கு வலி போல அடிவயிற்றில் மட்டும் பிசையும். குழந்தையின் பின்மண்டை தாயின் முதுகெலும்புப் பக்கம் திரும்பியிருந்தால், வலி முழுவதும் முதுகிலேயே நிற்கும். அப்போது முட்டிபோட்டு முன்னால் சாய்ந்துகொள்வது பலருக்கு ஆறுதல் தரும். பனிக்குடம் முதலில் உடைவது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு வலி நடந்துகொண்டிருக்கும்போதே உடையும். வலி வருவதற்குச் சில மணி நேரமோ, சில நாட்களோ முன்பாக, இளஞ்சிவப்பான கெட்டிச் சளி வெளிப்படலாம். கருப்பை வாயை அடைத்திருந்த சளி அது. அதைக் கண்டதும் ஓட வேண்டியதில்லை. சளியோடு கலந்த சிறு இரத்தக் கோடு வேறு, இரத்தப்போக்கு வேறு. மாதவிலக்கு போல இரத்தம் போனால் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்கக் கூடாது.

எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். இங்கேதான் பெரும்பாலான பெண்கள் தங்களையே வருத்திக்கொள்கிறார்கள். கருப்பை வாய் முதல் ஐந்து சென்டிமீட்டர் திறப்பது மிக மெதுவாக நடக்கும். தலைப்பிரசவத்தில் ஒரு பகல், ஓர் இரவு என்று நீளலாம். நடுவில் நின்றுபோய் மறுபடி தொடங்கலாம். வலிகள் ஐந்து முதல் இருபது நிமிட இடைவெளியில், அரை நிமிடமோ சற்றுக் கூடவோ நீடிக்கும். இந்த நேரத்தை வலியை எண்ணியே கழித்துவிட்டால், பலம் வேண்டிய நேரத்தில் சோர்ந்துவிடுவீர்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். மருத்துவர் தடுக்காதவரை லேசாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். விளக்கைக் குறைத்துவிட்டு, மனதுக்குப் பிடித்தவர் ஒருவர் மட்டும் அருகில் இருக்கட்டும். பதற்றம் இந்தத் தொடக்க வலியைத் தளர்த்திவிடுவது உண்டு. வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தது, மருத்துவமனை வாசலில் நின்றுபோனதாகப் பெண்கள் சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகு வேகம் பிடிக்கும். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. அந்த ஒரு நிமிடத்திலும் உச்சம் நடுவில் கொஞ்ச நேரம்தான். ஏறும், நிற்கும், இறங்கும். மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டே அதைக் கடக்கலாம். பேசிக்கொண்டிருந்த பெண், வலி வந்ததும் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டால், வேலை சூடுபிடித்துவிட்டது என்று புரிந்துகொள்வோம். வலிக்கும் வலிக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி உங்களுக்கு மட்டும் ஓய்வு அல்ல. சுருக்கத்தின்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைகிறது. இடைவெளியில்தான் குழந்தைக்கு மறுபடி நிறையக் கிடைக்கிறது.

மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு பல காலம் எங்களிடம் இருந்தது. 1955-இல் எமானுவேல் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் வரைந்த வரைபடத்திலிருந்து வளர்ந்த பழக்கம் அது. நானும் அந்தக் கணக்கை வைத்துப் பெண்களை அவசரப்படுத்தியிருக்கிறேன். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அந்த வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐந்து சென்டிமீட்டரிலிருந்து முழுதாகத் திறக்கும் வரையிலான நேரம் தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம். முழுதாகத் திறந்த பிறகு குழந்தை வெளிவர, தலைப்பிரசவத்தில் மூன்று மணி நேரம் வரை ஆகலாம். பலருக்கு இதைவிட விரைவாகவே முடிந்துவிடும்.

முழுதாகத் திறப்பதற்குச் சற்று முன் ஒரு கட்டம் வரும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக, ஒன்றரை நிமிடம் வரை நீளும் வலி. கால் நடுங்கும், குமட்டும், வியர்க்கும், உடனே குளிரும். அதுவரை தைரியமாக இருந்த பெண் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னால் முடியாது, வீட்டுக்குப் போகிறேன்” என்பாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கையுறையைத் தேடுவேன், ஏனென்றால் குழந்தை அநேகமாக நெருங்கிவிட்டது. பிறகு மலம் கழிக்க வேண்டும் போல ஓர் உந்துதல் வரும். தலை இறங்கி அழுத்துவதால் வருவது அது. அப்போது முக்கச் சொல்வார்கள். உடலும் தானாகவே முக்கும். தாங்க முடியாவிட்டால் வலி குறைக்கும் மருந்து கேளுங்கள். முதுகுத்தண்டு வழியாகத் தரும் ஊசியும் உண்டு, வேறு வழிகளும் உண்டு. கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

எப்போது கிளம்புவது? ஒரு வலி தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம் வரை குறியுங்கள், முடிந்ததிலிருந்து அல்ல. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்படலாம். மருத்துவமனை தொலைவில் இருந்தால் இன்னும் முன்னதாகவே. ஆனால் சில விஷயங்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். பனிக்குடம் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும் போங்கள்; நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள், உடனே போங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும், கடுமையான தலைவலியோ கண் மங்கலோ வந்தாலும் அப்படித்தான். இடைவெளியே இல்லாமல் வயிறு கல் போல இறுகி வலித்துக்கொண்டே இருந்தால் அது பிரசவ வலியின் இயல்பு அல்ல, தாமதிக்காதீர்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது 37 வாரம் நிறையவில்லை என்றாலோ, முன்பு அறுவை சிகிச்சையில் குழந்தை பிறந்திருந்தாலோ, வலி சீராக வரத் தொடங்கியதுமே மருத்துவமனையோடு பேசிவிடுங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். குழந்தை பிறந்ததும் அந்தப் பெருவலி நின்றுவிடும். சில நிமிடங்களில் மறுபடி ஒரு மெல்லிய இறுக்கம் வந்து, நஞ்சுக்கொடி பிரிந்து வெளியே வரும். வழக்கமாக அரை மணி நேரத்துக்குள். இரத்தப்போக்கைக் குறைக்க அந்த நேரத்தில் ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள். அடுத்த சில நாட்கள், குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். பாலைச் சுரந்து வரச் செய்யும் அதே ஆக்ஸிடோசின்தான் கருப்பையையும் இறுக்குகிறது. தலைப்பிரசவத்தில் இது பெரும்பாலும் லேசாகவே இருக்கும். அப்போது தொப்புளுக்கு அருகில் கை வைத்துப் பார்த்தால், உருண்டையாக, கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அது உங்கள் கருப்பை. கெட்டியாக இருந்தால் நல்லது. அது குழைந்துபோய், துணி சட்டென்று இரத்தத்தில் நனைந்தால் உடனே செவிலியைக் கூப்பிடுங்கள். அப்போதும் கூச்சப்படாதீர்கள், மகளே.