ப. சிங்காரம் வாழ்ந்த வாழ்க்கையும் அவர் கண்ட போரும் அவருடைய நாவல்களை எப்படி உருவாக்கின?

நாவலாசிரியர் சிங்காரம் இரண்டாம் உலகப் போரைப் பார்த்தது வட்டிக்கடைப் பெட்டியடியில் பழகிய கண்ணால். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டிலும் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும். நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டியடி இருந்தது. அதனால் இந்தக் கேள்விக்குத் தள்ளி நின்று பதில் சொல்ல எனக்கு வராது. வீட்டுக் கதையும் கொஞ்சம் கலந்துதான் வரும்.

முதலில் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தார். கொஞ்ச காலம் மதுரையில் படித்தார். 1938இல், பதினெட்டு வயதில், அப்போது டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவில், சுமத்ராவின் மெடான் நகரத்தில் இருந்த ஒரு தமிழருடைய கடைக்கு வேலைக்குப் போனார். 1942 மார்ச்சில் ஜப்பானியர் மெடானுக்குள் நுழைந்தபோது அங்கேதான் இருந்தார். போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பினார். அடுத்த வருடம் மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்து, நாற்பது வருடம் அங்கேயே வேலை பார்த்து 1987இல் ஓய்வு பெற்றார். 1997 டிசம்பரில் இறந்தார். எழுதியது இரண்டே நாவல்கள். இரண்டும் அந்த எட்டு வருடங்களிலிருந்து வந்தவை.

பெட்டியடி என்றால் என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தரையில் பாய் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் சரிவான மூடி போட்ட சிறிய மரப்பெட்டியை வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெட்டிதான் மேசை, கல்லா, அலுமாரி எல்லாம். எங்கள் தாத்தாவுடைய பெட்டி கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டில் வெகு காலம் இருந்தது. மூடியில் வலது பக்கம் மட்டும் மரம் வழவழவென்று தேய்ந்து, ஒரு நிழல் மாதிரிக் குழிந்திருக்கும். கணக்கு எழுதும்போது முழங்கை ஊன்றிய இடம் அது. சின்ன வயதில் நான் அந்தக் குழியில் என் முழங்கையை வைத்துப் பார்ப்பேன். பொருந்தாது.

தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பையனாக வந்து கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த நிலை ஆளாக, இருந்தவர். இன்றைக்கு அந்தத் தெரு முழுக்க நகைக்கடை. அந்தக் காலத்தில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் லேவாதேவிக் கடைகள். மெடானிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் இருந்த அதே அமைப்புத்தான் இங்கேயும்: மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள். எல்லோரும் கடையிலேயே சாப்பிட்டுக் கடையிலேயே படுப்பார்கள். பெண்கள் ஊரில். சில வருடக் கணக்கு முடித்தால் கப்பலேறி ஊருக்குப் போய்வரலாம். ஆடிவேல் திருவிழாவுக்கு இங்கே செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்படுகிறது, தைப்பூசத்துக்குப் பினாங்கில் வெள்ளி ரதம் புறப்படுகிறது. சிங்காரத்தின் கடைகளைப் படித்தபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அந்தச் சொற்களை எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டிருக்கிறேன்.

ஜப்பானியர் மெடானுக்கு வந்து மூன்று வாரம் கழித்து, 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில், கொழும்பு மேல் குண்டு விழுந்தது. துறைமுகத்தையும் இரத்மலானை விமானத்தளத்தையும் குறிவைத்து வந்தார்கள். அங்கொடையில் இருந்த மனநோய் மருத்துவமனை மேலும் குண்டு விழுந்தது. அன்றைக்குத் தாத்தா கடையில் இருந்தார். துறைமுகம் நடந்து போகும் தூரம். அந்த நாளைப் பற்றி அவர் சொல்லும்போது விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை, சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மீதி முழுக்க, மேலாள் போட்ட சத்தம் பற்றி: “பேரேட்டை எடுடா! நோட்டுக் கட்டை எடுடா! அடகுப் பெட்டியை விட்டுடாதே!” நோட்டு என்றால் காசு இல்லை, கடன்காரர்கள் எழுதிக் கொடுத்த பிராமிசரி நோட்டு. அது போனால் கடையே போச்சு.

சிறுவனாக இருந்தபோது எனக்கு இது ஏமாற்றமாக இருக்கும். போரைப் பற்றிக் கேட்டால் தாத்தா பேரேட்டைப் பற்றிச் சொல்கிறாரே என்று. சிங்காரத்தைப் படித்த பிறகுதான் தாத்தா போரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. வட்டிக்கடைக்காரனுக்குப் போர் எப்படி வந்து சேர்கிறது? எந்த நோட்டு செல்லும், எது செல்லாது? கடன் வாங்கியவன் எந்தப் பக்கம் ஓடினான்? ஊருக்குப் பணம் அனுப்பும் வழி அடைபட்டதே, வீட்டில் என்ன செய்வார்கள்? மலேயாவில் பழைய கடனையெல்லாம் ஜப்பான்காரனின் வாழைமரம் போட்ட நோட்டில் கட்டினார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பெட்டி நிறைய இருந்த பணம் ஒரே நாளில் வெறும் காகிதம். இப்படி ஒரு உலகத்திலிருந்து வந்தவருடைய எழுத்தில் வீர முழக்கம் வராது. விலை வரும், தெருப் பெயர் வரும், என்ன சரக்கு, எத்தனை மூட்டை என்று வரும். ‘புயலிலே ஒரு தோணி’யைப் படிப்பவர்கள் அந்தப் பட்டியல் பட்டியலான விவரிப்பைக் கண்டு வியக்கிறார்கள், சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பேரேடு எழுதிப் பழகிய கை. வரவு எழுதும் அதே நிதானத்தோடு, வெட்டப்பட்ட தலைகள் மக்கள் பார்க்க வைக்கப்பட்டிருப்பதையும் எழுதுகிறார். குரல் உயர்வதே இல்லை. அதனாலேயே அந்தப் பக்கங்களைக் கடந்த பிறகு கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது.

அந்தத் தோணியும் கற்பனையில் கட்டியது இல்லை. போர்க்காலத்தில் அவர் ராணுவ அரசின் அனுமதி வாங்கி, சில நண்பர்களோடு சேர்ந்து பினாங்குக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரம் செய்திருக்கிறார். மலாக்கா நீரிணையைத் தொங்கான் என்ற பாய்மரச் சரக்குத் தோணிகளில் கடப்பது அப்போது பிழைப்பு. ‘புயலிலே ஒரு தோணி’யின் நாயகன் பாண்டியன் மெடானிலிருந்து பினாங்குக்கு அப்படித்தான் போகிறான், நடுக்கடலில் புயல் பிடிக்கிறது. அந்த அத்தியாயத்தில் வாக்கியங்கள் குட்டையாகி, உடைந்து, சில இடத்தில் வினைச்சொல்லே இல்லாமல் போகின்றன. இலக்கணம் படித்த ஒருவர் திருத்த உட்கார்ந்தால் பாதியை அடித்துவிடுவார். ஆனால் படிக்கும்போது நாமே பாய்மரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது போல் உடம்பு இறுகுகிறது. புத்தகத்தை வைத்து மட்டும் அப்படி எழுத முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம், நான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். மெடானில் இருந்த காலத்தில் சிங்காரம் நிறைய ஆங்கில நாவல்கள் படித்தார். அவற்றில் ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’தான் அவருக்கு எல்லாவற்றிலும் உயர்ந்தது. 1929இல் வந்த நாவல். ஹெமிங்வே முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டி, 1918இல் காயம்பட்டு, மிலானில் மருத்துவமனையில் கிடந்தவர். நாவலின் நாயகன் போரிலிருந்து தப்பித்துப் போகிறான். கடைசியில் அவனுடைய காதலி பிரசவத்தில் இறக்கிறாள், குழந்தையும் பிழைக்கவில்லை. அவன் மழையில் தனியாக நடந்து போகிறான்.

சிங்காரத்துக்கும் இந்தோனேசியாவில் கல்யாணம் ஆனது. மனைவி முதல் பிரசவத்தில் இறந்தார். குழந்தையும் இறந்தது.

அதன் பிறகு அவர் மறுமணம் செய்யவில்லை. மதுரையில் ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறையில் ஏறத்தாழ ஐம்பது வருடம் தனியாக இருந்தார். அந்த மரணத்தை அவர் தன் நாவல்களில் கதையாக்கவே இல்லை. ஹெமிங்வே தனக்கு நடக்காததை எழுதினார். தனக்கு நடந்ததை இவர் எழுதாமல் விட்டார். ஆனால் பாண்டியனைப் பாருங்கள். எங்கேயும் வீடு கட்டாதவன், எந்தப் பெண்ணிடமும் தங்காதவன், ஊரை நினைத்து உருகுகிறவன், ஆனால் ஊருக்குப் போய் என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாதவன். அந்தச் சாவு சம்பவமாக வராமல் பாண்டியனின் சுபாவமாக வந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். இது என்னுடைய வாசிப்பு மட்டும்தான்.

முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ கதை எளிமையானது. செல்லையா வட்டிக்கடைப் பையன். போரில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்ததும் கடைக்கே திரும்புகிறான். முதலாளி மகள் மரகதத்தை அவனுக்குத் தருவதாக ஒரு பேச்சு இருந்தது. முதலாளி இப்போது மறுக்கிறார், ஏனென்றால் பட்டாளத்துக்குப் போய்வந்தவன் பெட்டியடிக்கு ஆகமாட்டான். துப்பாக்கி பிடித்த கைக்கு வட்டிக்கணக்கு எழுதும் பொறுமை இருக்காது என்பது அவருடைய கணிப்பு. கொடுமை என்னவென்றால், முதலாளி கெட்டவரும் இல்லை, அவர் சொல்வது பொய்யும் இல்லை. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு மலாயாவில் தோட்டத்திலும் கடையிலும் வேலை செய்த எத்தனையோ தமிழ்ப் பையன்கள் உடுப்புப் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து உடுப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தவர்களை யார் எடுத்துக்கொண்டார்கள், எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று இவ்வளவு நெருக்கமாகத் தமிழில் எழுதிய வேறு நாவலை நான் படித்ததில்லை. சண்டை முடிந்த ஊரில் வாழ்கிறவனாகச் சொல்கிறேன், அந்த நாவலின் கேள்வி எங்களுக்குப் பழையதாகிவிடவில்லை.

நான் ‘புயலிலே ஒரு தோணி’யைப் படித்தது 2006இல், வெள்ளவத்தையில். அப்போது இங்கே போர்க்காலம். காலி வீதியில் எந்த நேரம் எங்கே மறிப்பார்கள் என்று தெரியாது. அடையாள அட்டை சட்டைப் பையிலேயே இருக்கும். எங்கள் ஒழுங்கையில் இருந்த லொட்ஜ் ஒன்றில் வடக்கிலிருந்து வந்தவர்கள் வெளிநாட்டு விசாவுக்காக மாதக்கணக்காகத் தங்கியிருந்தார்கள். பின்னேரம் வாசலில் நின்று பேசுவார்கள். லண்டன் போனால் என்ன விலை, கனடாவில் யார் இருக்கிறார்கள், ஊரில் மாமரம் காய்த்ததா என்று. பாண்டியனும் நண்பர்களும் பினாங்கில் இதையேதான் பேசுகிறார்கள். இரவெல்லாம் தமிழின் பெருமை, சங்க காலம், தமிழன் ஏன் இப்படி ஆனான் என்று வாதம். சிங்காரம் அந்தப் பெருமைப் பேச்சை ஈவிரக்கமில்லாமல் கிழிக்கிறார், ஆனால் பேசுகிறவர்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. சொந்த மண்ணில் இல்லாதவனுக்குப் பேச்சைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஜப்பான்காரன், டச்சுக்காரன், சீனன், மலாய்க்காரன் எல்லோரும் தத்தம் மொழியில் பேச, நடுவில் ஒரு தமிழன் எல்லோர் மொழியிலும் கொஞ்சம் கொஞ்சம் பேசிப் பிழைக்கிறான். மூன்று மொழியில் மாறிமாறிப் பேசிக்கொண்டு புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் அந்தக் காது பழக்கமானது.

1945 ஆகஸ்ட் 17இல் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது, டச்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள், மறுபடி சண்டை. பாண்டியன் இந்தோனேசியர்களோடு சேர்ந்து போராடுகிறான், ஊருக்குத் திரும்பும் ஆசை கைக்கெட்டும் நேரத்தில் சுடப்பட்டுச் சாகிறான். ஆனால் சிங்காரம் கப்பலேறினார், பிழைத்தார், மதுரைக்கு வந்தார், தினமும் பத்திரிகை வேலைக்குப் போனார். முதல் நாவல் எழுதி அச்சாக ஒன்பது வருடம் ஆனது, 1959இல் வந்தது. இரண்டாவது 1962இல் எழுதி 1972இல் வந்தது. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அவரும் மேலே எழுதவில்லை. சேர்த்து வைத்திருந்த பணத்தை மாணவர்களின் படிப்புக்குக் கொடுத்துவிட்டார்.

படிக்க நினைத்தால் ‘கடலுக்கு அப்பால்’ முதலில் எடுங்கள். சின்னது, இரண்டு இருப்பில் முடியும். கடை, மேலாள், அடுத்தாள் எல்லாம் பழகிவிடும். பிறகு ‘புயலிலே ஒரு தோணி’. முதல் நாற்பது ஐம்பது பக்கம் டச்சுத் தெருப் பெயர்களும் மலாய்ச் சொற்களுமாகக் கண்ணைக் கட்டும். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், தெரியாத ஊரில் இறங்கிய மாதிரி நடந்துகொண்டே இருங்கள். புயல் அத்தியாயம் வந்ததும் வீட்டில் யாராவது இருந்தால் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நான் அப்பாவுக்கு வாசித்தேன். முடிந்ததும் எழுந்து போய்த் தாத்தாவின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.