கேளுங்கள்: ஏரிக்கரையில் ஒரு பாடம்

கேள்வி: 'மதகு', 'கலிங்கு', 'ஆயக்கட்டு' என்றால் என்ன என்று நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கடகடவென ஒப்பிக்கிறார்கள். ஏரிக்குக் கூட்டிப் போனால் எது எதுவென்று காட்டத் தெரியவில்லையே? (ஆசிரியை, செங்கல்பட்டு மாவட்டம்)

பதில்: வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் கண் பார்க்கட்டும், சொல் பிறகு வரட்டும். கலிங்குக்கு எதிரே நிறுத்தி, "கரை இவ்வளவு உயரம், இந்த இடம் மட்டும் ஏன் தாழ்வாக இருக்கிறது?" என்று கேளுங்கள். இடிந்துவிட்டது என்றுதான் பலரும் சொல்வார்கள். உடனே திருத்தாதீர்கள். மண்ணில் ஒரு முழ நீளத்துக்குக் குட்டிக் கரை கட்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வழியவிடுங்கள். வழிகிற தண்ணீர் கரையை அறுத்துவிடும். அடுத்த கரையில் ஓரிடத்தை இரண்டு விரல் தாழ்த்தி, ஓட்டுத்துண்டு பதித்து மறுபடி ஊற்றுங்கள். மிச்சத் தண்ணீர் அந்த வழியே போகும், கரை நிற்கும். "இதுக்குப் பேர்தான் கலிங்கு" என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

ஒரு நடைக்குக் கரை, மதகு (ஏரித் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் வாய்), கலிங்கு, வாய்க்கால், ஆயக்கட்டு என ஐந்து சொல் போதும். இவற்றில் ஆயக்கட்டுதான் கஷ்டம், ஏனென்றால் அது பொருள் அல்ல, ஏரித் தண்ணீர் பாயும் வயல் பரப்பு. கரைமேல் நின்று வயல் பக்கம் திரும்பச் சொல்லி, இந்த மதகின் தண்ணீர் எந்த வயல்வரை பாயும் என்று வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டியையே காட்டச் சொல்லுங்கள். சிவகங்கைப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளைகள் ஏரியைக் கண்மாய் என்றும் மதகை மடை என்றும்தான் சொல்வார்கள். நெல்லையில் ஏரி என்பது குளம்; அது நிரம்பிக் கலிங்கில் வழிந்தால் மறுகால் பாயும் என்பார்கள். வீட்டுச் சொல்லைத் தப்பென்று அடிக்காமல், பாடநூல் சொல்லைப் பக்கத்தில் எழுதவையுங்கள்.

வரைபடத்துக்குத் தப்படி போதும். பள்ளித் திடலில் 10 மீட்டரை நடந்து எண்ணட்டும். 20 தப்படி வந்தால், கட்டம் போட்ட நோட்டில் 20 தப்படிக்கு ஒரு கட்டம். மதகிலிருந்து கலிங்குவரை மூன்று பேர் தனித்தனியாக நடந்து, நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து சத்தமாக எண்ணினால் ஒருவர் பிசகு எல்லோருக்கும் தொற்றும். பயிற்சித்தாளைக் கரையில் கொடுக்காதீர்கள். ஏரியை விட்டுத் தாளைப் பார்ப்பார்கள். தண்ணீர் ஓடும் மதகின் உள்வாய்ப் பக்கம் (ஏரித் தண்ணீர் உள்ளே நுழையும் பக்கம்) யாரையும் விடவே கூடாது, அது இழுக்கும்.

கேள்வி: நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும் என்று சொல்லிக்கொடுக்கலாமா?

பதில்: டிசம்பர், ஜனவரியில் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், நிழல் தெற்கே விழும். நண்பகல் என்பதும் கடிகாரத்தின் 12 மணி அல்ல. ஜனவரியில் 11.45 முதல் 12.45 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குச்சி நிழலின் நுனியைக் குறியுங்கள். மிகக் குட்டையான நிழலே வடக்கு.

கேள்வி: 921ஆம் ஆண்டை ஒன்பதாம் நூற்றாண்டு என்றே எழுதுகிறார்கள்.

பதில்: 21 மீட்டர் நாடா எடுங்கள். மீட்டருக்கு ஒரு நிறம், ஒரு மீட்டர் ஒரு நூற்றாண்டு, ஒரு சென்டிமீட்டர் ஓராண்டு. முதல் மீட்டர் 1 முதல் 100 வரை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு இருக்கிறதே, குடவோலையில் ஏரி வாரியத்துக்கு (ஏரியைக் கவனிக்கும் குழுவுக்கு) ஆள் தேர்ந்தெடுத்த விதிகளைச் சொல்வது, அதன் ஆண்டுதான் 921. 9 மீட்டர் 21 சென்டிமீட்டரில் பிள்ளையை நிற்கச் சொன்னால், கால் பத்தாவது நிறத்தில் இருக்கும். 1947க்கு இன்னொருவர். ஒன்பது வயதுப் பிள்ளையின் மொத்த ஆயுசும் இந்த ஆண்டின் குறிக்கு முந்தைய ஒன்பது சென்டிமீட்டரில் அடங்கிவிடும்; அதைக் காட்டாமல் விடாதீர்கள். நைலான் கயிறு வேண்டாம், இழுக்க இழுக்க நீளும், ஆண்டு நகர்ந்துவிடும்.