இரவு 11 மணிக்கு அடிக்கும் தொலைபேசி: ஒரு குருவானவருக்குப் பதில்

கேள்வி: கிராமச் சேகரம் ஒன்றில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதியில், மூன்றாம் ஆண்டாகப் பணியாற்றுகிறேன். சபையின் பொது விருந்தான அசனத்தின் கணக்கை வைத்து இரண்டு குடும்பங்களுக்குள் பகை. இரு தரப்பும் இரவு 11 மணிக்குக்கூட அழைத்துக் குமுறுகிறார்கள். யாரிடம் பேசுகிறேனோ அவர் சொல்வதே சரியென்று படுகிறது. தூக்கம் போய்விட்டது. இடமாற்றம் கேட்டுவிடலாமா?

பதில்: ஐயா, அந்த விண்ணப்பத்தை இப்போது எழுத வேண்டாம். அடுத்த சேகரத்திலும் அசனம் உண்டு, கணக்கும் உண்டு.

அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன், 1950களில் நோயாளிகளை அவர்கள் குடும்பத்தோடு மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனித்தவர். இருவருக்குள் பதற்றம் முற்றும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள் என்றார். முக்கோணம் என்று அதற்குப் பெயர். உங்களிடம் கொட்டிவிட்டு அந்த இரண்டு வீட்டாரும் நன்றாகத் தூங்குகிறார்கள். பாரம் குருமனைக்கு வந்துவிடுகிறது.

சுற்றியிருப்பவர்கள் கொதிக்கும்போதும் அவர்களைவிட்டு விலகாமல், தன் நிலை எது என்று தெளிவாக இருப்பதையே போவன் முதிர்ச்சியாகக் கண்டார். எல்லோருக்கும் தலையாட்டுவதும், பொறுக்காமல் ஊரைவிட்டுப் போவதும் ஒரே வேரில் முளைப்பவை. இரண்டிலும் அவர்களுடைய கொதிப்புதான் உங்களை நடத்துகிறது. லூக்கா 12ஆம் அதிகாரத்தை எத்தனை முறை பிரசங்கித்திருப்பீர்கள்! சொத்தைப் பங்கிடச் சொல்லும்படி ஒருவன் கேட்டபோது, என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று இயேசு மறுத்துவிட்டார். ஆனால் அவனைத் துரத்தவில்லை. பொருளாசையைப் பற்றிப் பேசினார்.

அடுத்த அழைப்பு வரும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அண்ணாச்சி, இந்த வருத்தத்தை அவரிடமே சொன்னீர்களா? இருவரும் வாருங்கள், நான் கூடவே இருக்கிறேன். அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசமாட்டேன். உங்களைப் பற்றியும் அப்படித்தான்.” குரல் உயர வேண்டாம், விளக்கமும் நீள வேண்டாம். கணக்கு உங்கள் தலையில் இருக்க வேண்டியதே இல்லை. ரசீதுகளோடு கமிட்டியின் மேசைக்குப் போகட்டும். இரவு 9 மணிக்குப் பிறகு மரணம், நோய், ஆபத்து என்றால் மட்டும் அழைக்கும்படி ஆராதனையில் அறிவித்துவிடுங்கள். அந்த இரு வீட்டாருக்கு மட்டும் சொன்னால் அதுவே புதிய புகாராகிவிடும்.

எதிர்ப்பு நிச்சயம் வரும். போவனின் சிந்தனையைச் சபைகளுக்குப் பொருத்திக் காட்டிய யூத ரபி எட்வின் ஃபிரீட்மன், தலைவர் தெளிவாக நிற்கத் தொடங்கினால் அவரைப் பழைய இடத்துக்கே இழுக்கப் பார்ப்பார்கள் என்று எச்சரித்தார். “முன்பிருந்த ஐயர் (குருவானவர்) இப்படி இல்லை” என்பார்கள். காணிக்கையை நிறுத்துவோம் என்றும் சொல்லலாம். நான் பார்த்தவரை பலர் சறுக்குவது இந்த முதல் சில வாரங்களில்தான். அப்போதும் அந்த வீடுகளுக்குப் போய் ஜெபிப்பதை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, இதை நீங்கள் கேட்கவில்லை. இரவில் உங்கள் மனைவி ஐயரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி ஆறுகிறீர்களா? மறுநாள் பெண்கள் கூட்டத்தில் அதே வீட்டுப் பெண்களோடு உட்காருவது அவர்கள்தான். வேறு சேகரத்தில் இருக்கும் மூத்த குருவானவர் ஒருவரிடம் மாதம் ஒருமுறை மனம்விட்டுப் பேசுங்கள்.

சாகவேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்கு முதலில் கிடைத்தவை தூக்கமும் அப்பமும் தண்ணீரும். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத சோர்வும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.