ஐப்பசி வீட்டுக்கு என்ன அலங்காரம்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள், தன் வீட்டு வாசலில் சிவந்த மேப்பிள் இலைகளைத் தொங்கவிட்டுப் படம் அனுப்பினாள். அதேபோல் பிளாஸ்டிக் இலைச் சரம் வாங்கி எங்கள் கூடத்தில் மாட்டலாமா? (காட்பாடி)

பதில்: மாட்டலாம். ஆனால் சில நாட்களில் அதில் தூசிதான் மிஞ்சும். குளிர் நாடுகளில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்களில் சிவப்பு புதிதாக ஊறுகிறது. தன் ஜன்னலுக்கு வெளியே கண்டதைத்தான் உங்கள் மகள் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். கோடையெல்லாம் காய்ந்து கிடந்த வேலூர்ப் பாறைக் குன்றுகள் வடகிழக்குப் பருவமழையில் பச்சை பிடிக்கும் நேரம் இது. நம் ஜன்னலுக்கு வெளியே இருப்பதை நாமும் உள்ளே கொண்டுவருவோமே!

சிவப்பும் மஞ்சளும் வேண்டுமா? இந்த மாதங்களில் வேலியோரம் செங்காந்தளைத் தேடிப் பாருங்கள். மொட்டு தலைகுனிந்து நிற்கும். விரிய விரிய இதழ்கள் பின்னால் வளைந்து மேலே எழும். ஓரங்கள் தீ நாக்குப்போல் நெளியும். முதலில் பசுமஞ்சள், பிறகு அடி மஞ்சளும் நுனி சிவப்பும், சில நாட்களில் பூ முழுவதும் செக்கச்செவேல் என்றாகிவிடும். எனக்கு இதைவிட அழகான இலையுதிர்கால நிறம் தெரியாது. கார்த்திகைப் பூ என்றும் அதற்குப் பெயர். ஆனால் கிழங்கு முதல் விதை வரை கொடிய நஞ்சு. ஆகவே வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், வேலியில் பார்த்து மகிழுங்கள். கூடத்துக்குக் கோழிக்கொண்டையும் செண்டுமல்லியும் போதும். உங்கள் ஊருக்கு அருகிலேயே கரிகிரி இருக்கிறது. அங்கே செய்யும் மெருகிட்ட மண் ஜாடி ஒன்றில் கோழிக்கொண்டையை நெருக்கமாகச் செருகிப் படமெடுத்து மகளுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: திண்ணையில் அழகுக்கு வைத்த பரங்கிக்காய் பத்தே நாளில் அழுகிவிட்டது. (வாலாஜா)

பதில்: நகம் பதியாத அளவுக்குத் தோல் முற்றிய காயாக, காம்போடு வாங்குங்கள். ஈரத் தரையில் நேராக வைக்காமல் பிரிமணைமேல் வையுங்கள். சாரல் படக் கூடாது. குடைந்து முகம் செதுக்கினால் நம் வெப்பத்தில் ஓரிரு நாள்கூடத் தாங்காது. முழுக்காயாகவே வைத்து, சில வாரம் கழித்துக் கூட்டு செய்துவிடுங்கள்.

கேள்வி: பித்தளை உருளியில் பூ மிதக்கவிடுகிறேன். மழைக்காலத்தில் கொசு வரும் என்று மாமியார் தடுக்கிறார். (குடியாத்தம்)

பதில்: அவர் சொல்வது சரிதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். உருளியை விட்டுவிட வேண்டியதில்லை. தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டுங்கள். அதோடு நிறுத்தாமல் உட்புறத்தை நாரால் தேயுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். இரண்டு நாள் ஊருக்குப் போவதானால் உருளியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். தொட்டிச் செடிகளின் அடித்தட்டையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது. மழை மூட்டத்தில் கூடம் இருட்டாக இருக்கிறது. (ஆம்பூர்)

பதில்: தடித்த திரையை எடுத்துவிட்டு வெள்ளைப் பருத்தித் துணி போடுங்கள். கொலுப் படியில் இரண்டைப் பரணில் ஏற்றாமல் ஜன்னலோரம் போட்டுச் செடிகளை அடுக்குங்கள். மேலே எரியும் வெள்ளை விளக்கை மாலையில் அணைத்துவிட்டு, மூலையில் மஞ்சள் ஒளி பல்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: புது அகல் விளக்குகள் எண்ணெயைக் குடித்துவிடுகின்றன. (ஆரணி)

பதில்: கார்த்திகைத் தீபத்துக்கு முந்தைய நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் எடுத்துத் துடைத்து, நிழலில் உலர்த்தி ஏற்றுங்கள்.