செம்பைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: அம்மம்மாவின் வெள்ளிப் பன்னீர்ச் செம்பை 2008 இடப்பெயர்வின்போது வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து கிண்டியெடுத்தால் கரியாய்க் கறுத்து, அங்கங்கே பச்சை படிந்திருக்கிறது. தம்பி நிறைக்கு விற்கலாம் என்கிறான். எனக்கு மினுக்கி வைக்க விருப்பம். நாங்கள் வசதியாக வாழ்ந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி. என்ன செய்யலாம்?
- வாசகி, நெடுங்கேணி

பதில்: பிள்ளை, கறுத்ததற்குப் பயப்பட வேண்டாம். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். பச்சை, வெள்ளிக்குள் கலந்த செம்பு உலோகத்தின் களிம்பு. தனி வெள்ளி மெத்து என்பதால் தட்டார் செம்பு சேர்த்துத்தான் உருக்குவார். 925 முத்திரை குத்திய வெள்ளியிலேயே ஆயிரத்துக்கு 75 பங்கு வேறு உலோகம். புளி, அடுப்புச் சாம்பல், கம்பி நார் பக்கம் போகாதீர்கள். திருநீறு தொட்டு, பழைய வேட்டித் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். பூவேலைப் பள்ளத்துக்குள் கறுப்புக் கொஞ்சம் நிற்கட்டும், அதுதான் வேலையை எடுத்துக் காட்டும். கழுத்தை மட்டும் திருகிப் பார்க்காதீர்கள், பற்றாசு, அதாவது பொருத்தி ஒட்டிய இடம், விட்டுவிடும்.

தம்பியிடம் சொல்லுங்கள்: நிறைக்கு விற்றால் கழிவு போகத்தான் காசு. வேலைப்பாட்டுக்கு ஒரு சதமும் வராது.

சரி, வசதிக் கதைக்கு வருவோம். எங்கள் வீட்டிலும் ஒரு வெள்ளி வெற்றிலைத் தட்டம் இருந்தது. வீட்டார் யாரும் அதில் வெற்றிலை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. அப்பம்மா பாக்கு இடித்தது பித்தளை உரலில். தட்டம் பெட்டகத்துக்குள் கிடக்கும், விருந்தாளி வந்தால் வெளியே வரும், ஊரில் கலியாணம் என்றால் இரவல் போகும். ஆனால் எல்லாருக்கும் அது நீண்டது என்று சொன்னால் பொய். படலையடியில் நின்ற சிலருக்கு வெற்றிலையை எட்ட நின்று கையில் போட்டார்கள். பறை அடிக்க வந்தவரின் விரல் அந்தத் தட்டத்தில் ஒருநாளும் பட்டதில்லை. அதை நான் பெருமையாகச் சொல்வதை விட்டுக் கனகாலம்.

இன்னொன்று. இரவல் போகிற சாமான் என்றால் அடியில் பெயரின் முதலெழுத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தி வைப்பார்கள். உங்கள் செம்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அம்மம்மா வீட்டு எழுத்தா அது? இல்லையென்றால் தம்பியைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டு, ஊரில் அந்த எழுத்துக்காரர் யார் என்று விசாரியுங்கள். ஏதோ ஒரு கலியாணத்துக்கு வாங்கி, திருப்பிக் கொடுக்க மறந்ததாகவும் இருக்கலாம்.